புகையும் பனிக்கட்டியும்: டெக்சஸ் கரிசலில் ஓர் உணவுப் பயணம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டல்லஸ் நகரிலிருந்து தெற்கே இறங்கி, டெய்லர், எல்ஜின், லாக்ஹார்ட் ஆகிய சிற்றூர்களைத் தொட்டு, மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் முடியும் வழி, இறைச்சியை விறகுப் புகையில் மணிக்கணக்காக வேகவைக்கும் பார்பிக்யூவையும், மதுவகைகளைப் பழச்சாற்றோடும் இனிப்போடும் அளந்து கலக்கும் காக்டெயிலையும் ஒருசேர அறிந்துகொள்ள ஏற்ற வழியாகும். நீண்ட மரமேசைகள், தட்டுக்குப் பதிலாகக் காகிதம் விரித்த தகரத் தட்டங்கள், ஒரு பக்கம் இறைச்சியை நிறுத்து வெட்டித் தரும் மேடை, மறுபக்கம் புட்டிகள் அடுக்கிய பார், உடைக் கட்டுப்பாடு ஏதுமின்றிக் குழந்தைகளோடு வந்து அமரும் குடும்பங்கள் என்று அமைந்த உணவகங்கள் இன்று அம்மாநில நகரங்களில் பரவலாக உள்ளன. இவற்றின் எளிமையைப் பெருநகரத்தார் அண்மையில் புனைந்துகொண்ட அலங்காரம் என்று கருதுவோர் பலர். ஆனால் அவ்வெளிமையை உருவாக்கியோர், உணவகங்களில் உட்கார இடம் மறுக்கப்பட்ட பருத்திக் கூலிகளும், விற்காத கறியை வீணாக்க மனமில்லாத கறிக்கடைக்காரர்களும், தீயின் முன் இரவெல்லாம் விழித்திருந்த சமையலாட்களும் ஆவர் என்பதற்கு இவ்வழி நெடுகிலும் சான்றுகள் கிடக்கின்றன.

டல்லஸ்

டல்லஸிலும் நல்ல பார்பிக்யூக் கடைகள் உண்டெனினும், இப்பயணத்தில் அந்நகரம் முதலிடம் பெறுவது மதுவின் பொருட்டேயாகும். டெக்சஸ் மாநிலத்தில் வடித்த மதுவைக் குவளையில் ஊற்றி உணவகத்தில் விற்பது 1971 வரை சட்டத்துக்கு மாறான செயலாக இருந்தது. மதுவிலக்கு 1935இல் நீங்கியபோது, புட்டியாக வாங்கிச் செல்ல அனுமதித்த அரசு, பழைய மதுச்சாலைகள் மீண்டும் முளைத்துவிடலாகாது என்னும் கருத்தில் குவளை விற்பனையைத் தடுத்துவைத்தது. அதனால் உறுப்பினர் சந்தா செலுத்திய மன்றங்களில் குடித்தோர் ஒருபுறமிருக்க, ஏனையோர் தம் புட்டியைக் காக்கிக் காகிதப் பையில் சுற்றி உணவகத்துக்கு எடுத்துச் சென்று, கடைக்காரரிடம் பனிக்கட்டியும் சோடாவும் மட்டும் விலைக்கு வாங்கிக் கலந்துகொண்டனர். 1970 நவம்பரில் வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்த பின்னர், அடுத்த ஆண்டு முதல், அந்தந்த வட்டார மக்கள் வாக்களித்து ஏற்ற இடங்களில் மட்டும் கலவை மது விற்பனைக்கு வழி பிறந்தது.

அவ்வழி திறந்த கையோடு, 1971 மே 11ஆம் நாள், மரியானோ மார்ட்டினெஸ் என்னும் இளம் உணவக உரிமையாளர் டல்லஸில் உறைந்த மார்கரிட்டா இயந்திரத்தை இயக்கினார். மார்கரிட்டா என்பது டக்கீலா, எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. டக்கீலா, நம் வேலியோரங்களில் வளரும் ஆனைக்கற்றாழையின் இனமான நீல அகேவ் செடியின் அடித்தண்டை வேகவைத்து, புளிக்கவைத்து, வடித்தெடுக்கும் மெக்சிகோ நாட்டு மது. குவளை குவளையாக மின்னரைப்பானில் பனிக்கட்டியோடு அரைத்துத் தந்தபோது ஒவ்வொரு குவளையும் ஒவ்வொரு சுவையில் வந்ததால் வாடிக்கையாளர் குறை கூறினர். கடைகளில் பனிக்கூழ்ப் பானம் பிழியும் பொறியொன்றைக் கண்ட மார்ட்டினெஸ், அதே முறை தமக்கும் உதவும் எனத் துணிந்து, மென்பனிக்கூழ் இயந்திரம் ஒன்றை வாங்கி மாற்றியமைத்தார். சர்க்கரையும் ஆல்கஹாலும் நீரின் உறைநிலையைக் கீழிறக்குவதால், மது கூடினால் கலவை நீராகவே நின்றுவிடும், குறைந்தால் கட்டியாகி உள்ளிருக்கும் சுழல்தகடு திணறும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டடைந்ததே அவருடைய வெற்றி. அந்த இயந்திரம் 2005இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தது.

கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும் அந்நகரில், விளிம்பில் உப்பு ஒட்டிய குவளையில் வெளிர்பச்சைப் பனித்துருவல் வந்து அமரும்போது, அக்கண்டுபிடிப்பு இத்தனை விரைவாக மாநிலமெங்கும் பரவியதன் காரணம் முதல் மிடறிலேயே விளங்கிவிடுகிறது. பாரில் அருகிருந்த முதியவர் ஒருவர், தம் தந்தை காகிதப் பையோடு உணவகம் சென்ற நாட்களை நினைவுகூர்ந்து, அப்பை எப்போதும் தாயின் நாற்காலிக்கடியில் வைக்கப்பட்டது என்றும், பிள்ளைகள் அதைக் காணாதவர்போல் இருக்கப் பழக்கப்பட்டிருந்தனர் என்றும் கூறினார். ஒளித்துக் குடித்த தலைமுறையிலிருந்து குடும்பத்தோடு மேசையில் வைத்து அருந்தும் தலைமுறைக்கு அச்சமூகம் கடந்துவந்த தொலைவு அவர் பேச்சில் புலப்பட்டது.

டெய்லர்

டல்லஸை விட்டுத் தெற்கே செல்லச் செல்லச் சாலையின் இருமருங்கும் தோன்றும் மண், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்தார் எவரையும் ஒரு கணம் நிறுத்திவிடும். அது கரிசல். ‘பிளாக்லேண்ட் பிரெய்ரி’ எனப்படும் இக்கருமண் புல்வெளி, மழையில் உப்பி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண்ணால் ஆனது. நம் கரிசலைப் போலவே ஈரத்தை நெடுநாள் தேக்கிவைத்துப் பருத்தியை வளர்ப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் நிலப்பகுதியிலிருந்தும் குடியேறியோர் இங்கே உழவும் கறிக்கடையும் தொடங்கினர். அடிமை முறை ஒழிந்த பின்னும் நிலமற்றுக் கிடந்த கறுப்பின மக்களும், எல்லை கடந்து வந்த மெக்சிகோத் தொழிலாளரும் பருத்தி எடுக்கும் பருவத்தில் ஊர் ஊராகச் சென்றனர். இந்நான்கு கூட்டத்தாரும் சந்தித்த இடம் சனிக்கிழமைக் கறிக்கடையே.

டெய்லரில் 1949இல் தொடங்கி 1959 முதல் இப்போதைய கட்டடத்தில் நடைபெறும் ‘லூயி முல்லர் பார்பிக்யூ’ அப்பழைய உலகத்தின் எச்சம். முன்பு விளையாட்டுக் கூடமாக இருந்த அவ்வுயர்ந்த அறையின் சுவர்கள் பல்லாண்டுப் புகையால் தேன்பழுப்பிலிருந்து கருமை வரை பல நிறம் கொண்டுள்ளன. ஒரு சுவரில் வாடிக்கையாளர்கள் குத்திச் சென்ற முகவரி அட்டைகளில் புதியவை வெண்மையாகவும், சில ஆண்டுகள் கண்டவை மஞ்சளாகவும், பழையவை எழுத்தே தெரியாமல் புகைநிறத்திலும் இருப்பதால், அப்பலகையே அக்கடையின் காலக்கணக்கைக் காட்டிவிடுகிறது. வரிசை மேடையை நெருங்கும்போது, கறி வெட்டுபவர் கருகிய ஓரத்துண்டொன்றை வெட்டி, விலை கேட்காமல் காகிதத்தில் வைத்து நீட்டுகிறார். வெளிப்புறம் மிளகும் உப்பும் இறுகிய கருமேலோடு, அதன்கீழ் விரல்நுனி அகலத்துக்கு ரோஜாநிற வளையம், அதற்கும் உள்ளே அழுத்தினால் நெய் கசியும் பழுப்புத் தசை என மூன்று அடுக்குகள் அச்சிறு துண்டில் தெளிவாகத் தெரிந்தன.

பிரிஸ்கெட் எனப்படும் இக்கண்டம் மாட்டின் மார்புப்பகுதித் தசை. காறை எலும்பில்லாத மாட்டின் முன்னுடல் பாரத்தைத் தாங்கித் தாங்கி இறுகிய இத்தசையில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் மிகுதி. விரைந்து சுட்டால் மெல்லவும் இயலாது. ஏறக்குறைய 120 முதல் 135 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தீ நேரே படாமல், 12 மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தால்தான் கொலாஜன் உருகி வழவழப்பான ஜெலட்டினாக மாறும். இடையில் இறைச்சியின் உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி வந்ததும், மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் பல மணி நேரம் வெப்பம் ஏறாமல் நின்றுவிடும். அனுபவமற்றோர் அப்போது பதறித் தீயைக் கூட்டிக் கறியைக் கெடுப்பர்; தேர்ந்தோர் காத்திருப்பர். ரோஜாநிற வளையம், விறகுப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு போன்ற வாயுக்கள் தசையின் நிறப்புரதத்தோடு பிணைவதால் தோன்றுவது. மசாலாவென்று பார்த்தால் உப்பும் கருமிளகும் மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த மிளகு இத்தனை தொலைவில், வேறெந்த வாசனைப் பொருளின் துணையுமின்றி ஒரு மாநிலத்தின் பெருமிதமான உணவைத் தாங்கி நிற்பதைக் காணும் தமிழர் மகிழாமல் இருக்க இயலாது.

டெய்லரின் எல்லையில் 2021இல் அறிவிக்கப்பட்ட சாம்சங் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை பருத்தி வயல்களின்மேல் எழுந்துள்ளது. கரிசலில் வேலை தேடி வருவோர் இனி வேறு வகையினராக இருப்பர்.

எல்ஜின்

டெய்லரிலிருந்து 95ஆம் எண் சாலையில் தெற்கே சிறிது தொலைவிலேயே வரும் எல்ஜினை அடைவதற்குள் கரிசல் மங்கி, மணற்பாங்கான நிலமும் குட்டை ஓக் மரங்களும் தொடங்குகின்றன. இப்பகுதியில் மண்டிக் கிடக்கும் ‘போஸ்ட் ஓக்’ என்னும் மரம், வேலிக்கம்பத்துக்கு உதவும் உறுதி கொண்டது. எரிக்கையில் நீடித்த கங்கும், கசப்பேறாத மென்புகையும் தருவது. மத்திய டெக்சஸின் சுவை அம்மரத்தின் சுவையென்று சொன்னால் அது மிகையாகாது. தெற்கேயும் மேற்கேயும் வறண்ட நிலத்தில் மெஸ்கீட் என்னும் மரமே விறகு. அது நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய இனம். காரமான அதன் புகை விரைந்து சுடும் சமையலுக்கே ஏற்றது.

எல்ஜினில் 1882இல் தொடங்கிய ‘சவுத்சைடு மார்க்கெட்’ இறைச்சியைக் கொரகொரப்பாக அரைத்துக் குடலில் அடைத்துப் புகையிட்ட சாசேஜுக்குப் பெயர் பெற்றது. ஜெர்மானிய, செக் குடியேறிகளின் கைமுறையும், கூலியாட்களின் காரம் விரும்பும் நாவும் சேர்ந்து பிறந்த இப்பண்டத்தைக் கத்தியால் கீறினால் உருகிய கொழுப்பு காகிதத்தில் தெறிக்கும். உப்பு பிஸ்கட், பச்சை வெங்காயம், ஊறுகாயிட்ட வெள்ளரி ஆகியனவே துணை. மாநிலச் சட்டமன்றமே இவ்வூரை டெக்சஸின் சாசேஜ் தலைநகரம் என 1995இல் அறிவித்தது.

எல்ஜினிலிருந்து கிழக்கே விலகிச் சென்றால் லெக்சிங்டன் என்னும் சிற்றூரில் ‘ஸ்னோஸ்’ என்ற கடை உள்ளது. சனிக்கிழமை காலை மட்டுமே கதவு திறப்பதற்குப் பெயர்பெற்ற இக்கடையை, 2008இல் ‘டெக்சஸ் மன்த்லி’ இதழ் மாநிலத்தின் முதல் பார்பிக்யூக் கடையெனத் தேர்ந்தபோது வெளியூரார் பலர் அதன் பெயரையே அறிந்திருக்கவில்லை. அதன் தீயைப் பல்லாண்டு காத்தவர் 1935இல் பிறந்த டூட்சி டொமனெட்ஸ் என்னும் மூதாட்டி. வார நாட்களில் பள்ளியொன்றில் துப்புரவு, பராமரிப்புப் பணி செய்து, வார இறுதியில் நள்ளிரவுக்குப் பின் எழுந்து வந்து மண்வெட்டியால் கங்கு அள்ளி அடுப்புகளுக்கு இட்ட அப்பெண்மணி, ஆண்களின் தொழிலென நெடுங்காலம் கருதப்பட்ட இத்துறையில் 2018இல் அமெரிக்க பார்பிக்யூப் பெரும்புகழ் அவையில் இடம்பெற்றார். நீண்ட கைப்பிடித் துடைப்பானால் வெண்ணெய், வெங்காயம், கடுகு கலந்த நீரைக் கறியின்மேல் ஒற்றும் அவருடைய முறையைக் காண்பதற்காகவே விடியுமுன் வந்து வரிசையில் நிற்போர், மடக்கு நாற்காலியும் காப்பியும் கொண்டுவந்து, முன்பின் அறியாதவரோடு குடும்ப நலம் வரை பேசித் தீர்க்கின்றனர். அந்த வரிசையில் கழியும் காலைப்பொழுது, மேசையில் கழியும் அரைமணி நேரத்தினும் இனியதென்றே மதிப்பிடத் தோன்றுகிறது.

லாக்ஹார்ட்

தெற்கேயிருந்து வடக்கே கன்சாஸ் வரை மாட்டு மந்தைகளை நடத்திச் சென்ற சிஷோம் தடத்தில் அமைந்த ஊர் லாக்ஹார்ட். 1894இல் கட்டி முடிக்கப்பட்ட அழகிய நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி அமைந்த இச்சிற்றூரை டெக்சஸ் சட்டமன்றக் கீழவை 1999இல் மாநிலத்தின் பார்பிக்யூத் தலைநகரம் எனத் தீர்மானித்தது. 1900இல் சார்லஸ் குரோய்ட்ஸ் வாங்கிய கறிக்கடையான ‘குரோய்ட்ஸ் மார்க்கெட்’, 1932இல் தொடங்கிய ‘பிளாக்ஸ்’ ஆகியன இங்குள்ளன.

குளிர்பதனப் பெட்டி அரிதாக இருந்த காலத்தில், விற்காமல் எஞ்சிய கண்டங்களைக் கறிக்கடைக்காரர்கள் கடையின் பின்புறம் செங்கல் அடுப்புகளில் புகையிட்டும், துண்டுதுணுக்குகளைச் சாசேஜாக அடைத்தும் காப்பாற்றினர். வீட்டில் சமைக்கவெனத் தயாரான அவ்விறைச்சியை, பருத்தி எடுக்க வந்த கூலிகள் காகிதத்தோடு வாங்கி அங்கேயே நின்று உண்ணத் தொடங்கினர். இனப்பாகுபாடு நிலவிய அக்காலத்தில் உணவகத்துக்குள் அமர்ந்து உண்ணும் உரிமை அவர்களுள் பலருக்கு இல்லை. கறிக்கடையிலோ யாரும் காசு கொடுத்து எதையும் வாங்கலாம். தட்டு இல்லாததால் காகிதம், முள்கரண்டி இல்லாததால் விரல், சமையலறை இல்லாததால் மளிகைத் தட்டிலிருந்த ரொட்டியும் பிஸ்கட்டும் வெங்காயமும் என ஒவ்வொன்றும் இல்லாமையிலிருந்தே முளைத்தது. குரோய்ட்ஸ் கடை நெடுங்காலம் முள்கரண்டியும் சாஸும் தர மறுத்ததைப் பலர் வேடிக்கையான விதியாகக் கொள்கின்றனர். அவ்விதியின் வேர் கூலிகள் நின்று உண்ட அந்தக் காகிதத்தில்தான் உள்ளது.

அக்கடையின் உரிமை 1948இல் எட்கர் ஷ்மிட் என்பவருக்கு மாறி, பின்னர் தொழில் மகன்களுக்கும், அவர் 1990இல் மறைந்தபோது கட்டடம் மகளுக்கும் எனப் பிரிந்தது. வாடகை குறித்து உடன்பிறந்தாருக்குள் எழுந்த கருத்து வேறுபாட்டால் 1999 செப்டம்பரில் மகன்களுள் ஒருவர் கடைப்பெயரோடு வெளியேறி ஊரின் வடபுறம் பெரிய கட்டடத்துக்குச் சென்றபோது, பழைய அடுப்பிலிருந்து கங்குகளை ஒரு தொட்டியில் அள்ளித் தெருவழியே இழுத்துச் சென்று புதிய அடுப்பை மூட்டினர். மகள் பழைய கட்டடத்தில் தந்தையின் செல்லப் பெயரால் ‘ஸ்மிட்டீஸ் மார்க்கெட்’ தொடங்கினார். குடும்பம் பிரிந்தபோதும் நெருப்பைப் பொதுச் சொத்தாகக் கருதிப் பங்கிட்ட அச்செயல் மனத்தை நெகிழ்விக்கிறது.

ஸ்மிட்டீஸ் கடைக்குள் நுழைவோர் முதலில் சந்திப்பது விறகுத் தீயைத்தான். நீண்ட செங்கல் அடுப்பின் கோடியில், தரையிலேயே, தடுப்பு ஏதுமின்றி ஓக் கட்டைகள் எரிகின்றன. புகை அடுப்புக்குள் இழுக்கப்பட்டு மறுகோடிப் போக்கி வழியே வெளியேறுகிறது. வரிசையில் நிற்போரின் கணுக்காலில் அனல் அடிக்கிறது. அடுப்பின் கனத்த தகர மூடியை உயர்த்தி, கறியைப் புரட்டி, மீண்டும் மூடும் இளைஞர், தம் பாட்டனாரும் இதே ஊரில் அடுப்பாளாக இருந்தவர் என்றும், அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றும் கூறினார். கடைப் பலகைகளில் ஜெர்மானியப் பெயர்கள் நிலைத்திருக்க, இரவில் தீக்காத்த கறுப்பின, மெக்சிகோ வழித்தோன்றல்களான கைகளின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. 1865 ஜூன் 19இல் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்ட நாளை டெக்சஸின் கறுப்பின மக்கள் அன்று முதல் பார்பிக்யூவோடும் செந்நிறப் பானத்தோடும் கொண்டாடி வருகின்றனர் என்பதை நினைத்தால், அவர்கள் இக்கலையின் ஓரத்தில் நின்றவர்கள் அல்லர் என்பது தெளிவாகும்.

இங்கே குடிக்கக் கிடைப்பது பியர். செக், ஜெர்மானியக் குடியேறிகள் 1909இல் ஷைனர் என்னும் சிற்றூரில் தொடங்கிய பியர் ஆலையின் பழுப்பு நிறப் பியரை உள்ளூரார் விரும்பி அருந்துகின்றனர். காக்டெயில் கேட்பது இங்கே பொருந்தாது. கலவை மது, கரிசல் சிற்றூர்களின் கறிக்கடைக்கு அயலானது. அது வந்து சேர்ந்த இடம் ஆஸ்டின்.

ஆஸ்டின்

லாக்ஹார்ட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் ஆஸ்டினில், கிழக்குப் பகுதி தனி வரலாறு உடையது. 1928ஆம் ஆண்டு நகரத் திட்டம், கறுப்பின மக்களுக்கான பள்ளி முதலிய வசதிகளை அப்பகுதியில் மட்டும் ஒதுக்கியதன் வழியே அவர்களை அங்கே குடியேறச் செய்தது. அப்பகுதியின் 11ஆவது தெருவில்தான் ‘ஃபிராங்க்ளின் பார்பிக்யூ’ இயங்குகிறது. 2009இல் சாலையோர வண்டியொன்றில் தொடங்கி, 2011இல் கட்டடத்துக்கு மாறிய ஆரன் ஃபிராங்க்ளின், 2015இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். அமெரிக்கச் சமையற்கலையின் உயரிய அவ்விருது பார்பிக்யூக் கலைஞர் ஒருவருக்குத் தலைமைச் சமையற்கலைஞர் என்னும் தகுதியில் கிடைத்தது அதுவே முதல்முறை. 2024 நவம்பரில், உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் அளிக்கும் மிஷலின் வழிகாட்டி டெக்சஸுக்கு முதல்முறையாக வந்தபோது நான்கு பார்பிக்யூக் கடைகள் நட்சத்திரம் பெற்றன. அவற்றுள் மூன்று ஆஸ்டினைச் சேர்ந்தவை.

இப்புகழின் மறுபக்கம் விலை. கறிக்கடைக்காரர் தள்ளிவிட நினைத்த மார்புக் கண்டம் இன்று ஆஸ்டினில் பவுண்டு 30 டாலரைத் தாண்டுகிறது. பவுண்டு என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. கூலியின் உணவைக் கூலி வாங்க இயலாத நிலை இது. தமிழ்நாட்டில் உழைக்கும் மக்களின் மலிவான உணவாகிய மாட்டுக்கறி இழிவுச் சொல்லைச் சுமந்து தெருவோரத்திலேயே நிற்க, டெக்சஸில் அதே வகை உணவு நட்சத்திரம் வரை உயர்ந்தது. எனினும் அவ்வுயர்வின் பயன், உணவை உருவாக்கியோரின் வழித்தோன்றல்களை ஒரே அளவில் சென்றடையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆரன் ஃபிராங்க்ளினும், ஜப்பானிய உணவில் பெயர்பெற்ற டைசன் கோலும் சேர்ந்து 2018இல் தெற்கு லாமார் சாலையில் தொடங்கிய ‘லோரோ’, பார்பிக்யூக் கடையும் காக்டெயில் பாரும் ஒன்றாகிய அமைப்புக்குத் தக்க எடுத்துக்காட்டு. பெரிய ஓக் மரங்களின் நிழலில் மரத்தளம், கொட்டகை போன்ற உயர்ந்த கூரை, மேடையில் சொல்லிக் காசு கொடுத்துவிட்டு விரும்பிய மேசையில் அமரும் முறை. பிரிஸ்கெட் இங்கே தாய்லாந்து நாட்டுத் தழைகளோடும், மிளகாயும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த குழம்போடும் வருகிறது. அருகில் தேங்காய் மணக்கும் சோறு. இரண்டு வாய் உண்டதும் தமிழருக்கு உடனே ஒரு நிறைவு தோன்றுவதற்குக் காரணம், மத்திய டெக்சஸ் முறையில் இல்லாத புளிப்பும் காரமும் சோறும் இங்கே சேர்வதே. கொழுப்பு மிகுந்த புகைக்கறியைப் புளிப்பின்றித் தொடர்ந்து உண்பது கடினம். சிற்றூர்க் கடைகளில் ஊறுகாயும் வெங்காயமும் செய்த பணியை இங்கே குழம்பு செய்கிறது. பாரில் எலுமிச்சை செய்கிறது.

பாரில் பனித்துருவலாகப் பிழியப்படும் ஜின்-டானிக், மார்ட்டினெஸின் இயந்திரத்துக்கு நேர் வாரிசு. சற்றுத் தள்ளி நகரின் வேறொரு பாரில் பணிபுரிந்த பெண், பலோமா என்னும் கலவையைத் தயாரித்த முறை நெடுநேரம் பார்க்கத் தக்கதாக இருந்தது. ஜிகர் எனப்படும் இருமுக அளவைக் குவளையில் விளிம்பு வரை, ஏறத்தாழ 45 மில்லி, டக்கீலா ஊற்றி, மாநிலத்தின் தென்கோடியான ரியோ கிராண்டு பள்ளத்தாக்கில் விளையும் செந்நிறப் பம்பளிமாசு இனப்பழத்தைக் கண்முன்னே பிழிந்து, எலுமிச்சையும் ஒரு துளி உப்புநீரும் சேர்த்து, பனிக்கட்டியோடு பத்து எண்ணும் நேரம் குலுக்கினார். குலுக்கும்போது பனிக்கட்டி கரைந்து சேரும் நீரும் கலவையின் ஓர் உறுப்பே என்றும், குறைத்துக் குலுக்கினால் நாக்கு எரியும், மிகுத்துக் குலுக்கினால் பழம் செத்துவிடும் என்றும் அவர் விளக்கினார். புகைமணம் வேண்டுவோருக்கு டக்கீலாவுக்கு மாற்றாக மெஸ்கால் ஊற்றினார். அகேவ் தண்டுகளை மண்குழியில் சுடுகற்களின்மேல் அடுக்கி மூடி வேகவைத்து வடிக்கும் மெஸ்காலில் விறகுப் புகை குடிகொண்டிருப்பதால், அது பிரிஸ்கெட்டோடு சேரும்போது இரு தீக்குழிகள் ஒரே நாவில் சந்திக்கின்றன.

ஊனையும் மதுவையும் ஒரே விருந்தில் வைத்துப் போற்றும் மரபு தமிழருக்குப் புதிதன்று. கரிகாலன் தன்னை நாடி வந்த பொருநருக்கு இருப்புக் கம்பியில் சுட்ட கொழுத்த ஊனும் தேறலும் அளித்த செய்தியைப் பொருநராற்றுப்படை விரிவாகக் கூறுகிறது. அந்நூலே வழிப்போக்கருக்கு வழிகாட்டும் இலக்கியம். அம்மரபு நடுவில் அறுந்து, இன்று தமிழ்நாட்டில் மது என்றதும் நினைவுக்கு வருவது 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதையும் தன் கையில் கொண்ட டாஸ்மாக் கடையும், அதையொட்டிய, பெண்களும் குடும்பமும் அணுகாத இருண்ட கூடமுமே. மது உடலுக்குத் தீங்கு என்பதில் ஐயமில்லை. டெக்சஸிலும் குடித்து வண்டியோட்டி மாய்வோர் உண்டு. ஆயினும் பாட்டியும் பேரனும் இருக்கும் மேசையில், உணவோடு ஒரு குவளை வைத்து அருந்தி எழுவோரிடம் காணும் அளவறிந்த நிதானம், ஒளிந்து குடிக்கும் அவசரத்தில் உருவாக வழியில்லை.

இவ்வழியே செல்லவிருக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வாடிக்கையாளரின் அன்பளிப்பைப் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது. டெக்சஸும் அத்தொகையையே பின்பற்றுகிறது. காகிதத்தில் பரிமாறும் இடந்தானே என்று எண்ணாமல், உணவு விலையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் பணியாளருக்கு வைத்துவிட்டு எழுக. பின்கட்டில் இரவெல்லாம் தீக்காத்தவருக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டறிந்து, இல்லையெனில் அவர் கையிலும் நேரே கொடுக்க.